பாம்புக்குக் கண் திறந்தவள்

தலை இல்லாத பாம்பின்மேல்
இருபத்தெட்டு வருசம் நின்றிருக்கிறா மாதா.
ஷெல் விழுந்த அன்று
அவவுக்கு ஒரு கீறலும் இல்லை.
பாம்புக்குத்தான்.

"தலையை வைச்சுத் தா, பிள்ளை.
திருநாளுக்கு முதல் முடியவேணும்.
வாய் பிளந்திருக்கட்டும், பல்லுத் தெரியட்டும்.
கண் வேண்டாம்" என்றார் சுவாமியார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

நாவாந்துறைக் கரை மணல் உப்பு,
சீமெந்துக்கு ஆகாது.
இரணைமடுப் பக்கத்து மணல் அரை வாளி
மூன்று தரம் அரித்து
தண்ணீர் விட்டுக் குழைத்து உருட்டினேன்.
உள்ளங்கையில் இளஞ்சூடு.
சீமெந்து இறுகும்போது சூடேறும், அவ்வளவுதான்.
ஆனாலும் கையை எடுக்கவில்லை.

ஆதியில் ஒருவர் மண் பிசைந்தாராம்.
அவருக்கும் நகக்கண்ணில் ஏறியிருக்கும்.
செய்தது தன்னைத் திரும்பிப் பார்க்குமோ என்று
அவரும் கொஞ்சம் தயங்கியிருக்கக் கூடும்.

எனக்குப் பத்தொன்பது வயதில்
இணுவில் பக்கம் ஒரு வைரவர் கோயில்.
சூலத்தின் வெள்ளி, பல்லின் வெண்மை,
நாயின் வால்வரைக்கும் என் வேலை.
கண் மட்டும் அப்பா.
ஐயர் குறித்த நேரத்தில்,
பொம்பிளை நிழலும் விழாமல்.
முதல் நாள் இரவு
வைரவரை விட்டுவிட்டு
அவருடைய நாய்க்குத் திறந்தேன்.
ஒரு கண். இடது.
நாய்தானே என்று நினைத்தேன்.

விடிந்ததும் அதுவே காட்டிக்கொடுத்தது:
நான் போன பக்கமெல்லாம் பார்த்தது.

பிராயச்சித்தம். புதுக் கும்பம்.
பட்டறை வாசலில்
எரிகிற வாள் ஒன்றும் இல்லை,
ஒரு ஆமைப்பூட்டு.
திறப்பு இரண்டும் தம்பி கோகுலராசனிடம்.

பிறகு ஆட்டோக்களுக்குப் பெயர் எழுதினேன்.
கொட்டாதே, ஒட்டாதே, கழிக்காதே என்று
மதில் மதிலாகக் கட்டளை எழுதினேன்.
எழுத்துக் காய முன்னமே
ஒருவன் வந்து மதிலோரம் நிற்பான்.

குறிகட்டுவானில் படகேறினால்
கொஞ்ச நேரத்தில் இதே பாம்பு அம்மனோடு.
பாலும் பழமும் வைத்துப் பிள்ளை கேட்பார்கள்.
இங்கே குதிக்காலுக்குக் கீழே.
நடுவில் சொற்பக் கடல்.
தான் எந்தக் கரையில் இருக்கிறதென்று
அதற்குத் தெரியவேண்டாமா?

கொடியேற்றத்துக்கு முதல் நாள்,
விடியப்புறம், வெறுவயிறு.
மூப்பர் சந்தியோகு மணிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்.
கறுப்பு எனாமல் ஒரு துளி,
அதற்குள் ஊசிமுனை வெள்ளை.
வலது. பிறகு இடது.
ஏணி தேவைப்படவில்லை, முழங்காலில் நின்றேன்.
தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு
நான் செபிப்பதுபோல் இருந்திருக்கும்.

நிமிர்ந்தபோதுதான் கண்டேன்.
மாதா வானத்தைப் பார்க்கவில்லை.
யாரோ, எந்தக் காலத்திலோ,
அவவுக்குத் தாழ்ந்த கண் எழுதியிருக்கிறார்கள்.
இருபத்தெட்டு வருசமும்
அவ பார்த்துக்கொண்டிருந்தது
ஒரு முறிந்த கழுத்தை.

சுவாமியார் வந்து
நெடுநேரம் குனிந்து நின்றார்.
"சொன்னனான் எல்லோ."
"ஓம், சொன்னனீங்கள்."
அழிக்கச் சொல்லுவார் என்று
தின்னர்ப் போத்தலைத் திறந்து வைத்தேன்.
கூலியில் ஐந்நூறு கழித்தார்.
போத்தலை மூடச் சொன்னார்.

திரும்பும் வழியில் பெரியகடையில்
ஒரு விளாட் மாம்பழம் வாங்கி
தெருவில் நின்றே தின்றேன்.
சாறு முழங்கை வரைக்கும்.
வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.
நல்ல பழம்தான்.
ருசி என்னவோ
கொஞ்சம் குறைவாக இருந்தது.