உத்தரம்

முதல் வாரம், வேதியியல் லேபில்,
ஸ்ரீலேகா டீச்சர் என்னை எழுப்பி
"உத்தரம் பறயூ" என்றார்.
நான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன்.
மர உத்தரம். கரையான் தின்ற ஓரத்தில்
ஒரு குளவிக்கூடு. அதைச் சொல்லவா?
பதில் கேட்கிறார் என்பது
வகுப்பு சிரித்து முடித்த பிறகுதான் புரிந்தது.

வேலந்தாவளத்திலிருந்து சித்தூருக்கு
பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை.
கடைசி வண்டி எப்போது வரும் என்று
வண்டிக்கே தெரியாது என்பதால் ஹாஸ்டல்.
(ஆந்திரச் சித்தூர் அல்ல.
இங்கே ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர்.
தண்ணீர் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம்.)

பன்னிரண்டு வரை தமிழில் படித்தவள்:
அமிலம், காரம், வினைவேக மாற்றி.
இங்கே புத்தகம் இங்கிலீஷ், விளக்கம் மலையாளம்,
ஓரத்தில் பென்சிலால் நான் எழுதிக்கொள்வது தமிழ்.
மூன்று வரிசையாக ஓடும் என் நோட்டைப் பார்த்து
செக்போஸ்ட் என்றாள் ஷஹனாஸ்.
எல்லா லாரியும் நிற்கிறது,
எதுவும் தாண்டிப் போகிற மாதிரி தெரியவில்லை.

"இன்னு சமரம்" என்று ஒரு நாள்
கேட்டில் நின்று கத்தினார்கள்.
சமர் என்றால் எனக்குத் தெரிந்தது
யானை, வேல், புறமுதுகு.
கொடி வந்தது. கோஷம் வந்தது.
பதினோரு மணிக்கு எல்லாரும் பொரோட்டா தின்னப் போனார்கள்.
நானும் போனேன்.

மெஸ்ஸில் மட்டை அரிசிச் சோறு,
பதிமுகம் போட்டுக் கொதிக்க வைத்த
இளஞ்சிவப்புத் தண்ணீர்.
டைட்ரேஷன் செய்த அன்று மாலை
டம்ளரை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து
"எண்ட் பாயிண்ட்" என்றேன்.
மேசையில் ஐந்து பேருக்குப் புரையேறியது.
மலையாளிகளைச் சிரிக்க வைத்த என் முதல் ஜோக்.
அதில் மலையாளம் ஒரு சொல்கூட இல்லை என்பதைப்
படுத்த பிறகு கவனித்தேன்.

அப்பா தக்காளி டெம்போ ஓட்டுகிறார்.
கிலோ நாலு ரூபாய்க்கு இறங்கிய வாரம்
மெஸ் பில் கேட்க மூன்று முறை போன் போட்டேன்.
"சாப்ட்டியா சாமி?"
"சாப்ட்டனுங்ப்பா."
மூன்று முறையும் அவ்வளவுதான்.
ஷஹனாஸ் கட்டிவிட்டு ரசீதை
என் தலையணைக்கடியில் வைத்தாள்.
இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது
நோட்டுகளை எண்ணி வாங்கினாள்.
அப்படி எண்ணியது எனக்குப் பிடித்திருந்தது.

அரியர் என்று நாம் சொல்வது இங்கே சப்ளி.
எந்தப் பெயரில் கூப்பிட்டாலும்
கணக்கில் எனக்கு ஒன்று இருக்கிறது.

லீவுக்குப் போனால் தம்பி
என் தமிழில் தேங்காயெண்ணெய் வாசம் என்கிறான்.
மளிகைக் கடையில் சர்க்கரை நிறுக்கும்போது
வாய் தவறி "மதி" என்றுவிட்டேன்.
கடைக்காரர் நிலவைத் தேடவில்லை.
நிறுத்திக்கொண்டார்.
எல்லையில் கடை வைத்திருப்பவருக்கு
எல்லா நிறுத்தலும் தெரியும்.

நேற்று உப்புச் சோதனை.
பெயர் சொல்லாமல் கொடுத்த வெள்ளைப் பொடி.
புதிதாகக் கரைத்த பெரஸ் சல்பேட்.
சோதனைக் குழாயைச் சாய்த்து
கந்தக அமிலத்தைச் சுவர் வழியே
சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும்.
குலுக்காதே என்று டீச்சர் சொன்னார்,
எந்த மொழியில் என்பது இப்போது நினைவில்லை.
இரண்டும் தொடுகிற இடத்தில், மெல்லிசாக,
ஒரு பழுப்பு வளையம்.
மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்திருந்தேன்.

"உத்தரம்?"

நைட்ரேட் என்றேன்.

அவர் அடுத்த மேசைக்குப் போன பிறகு
நிமிர்ந்து பார்த்தேன்.
இந்த வருஷம் வெள்ளையடித்திருக்கிறார்கள்,
குளவிக்கூட்டையும் சேர்த்து.