உலர் எடை

மணி பிளான்ட், கறிவேப்பிலை, ஓமவல்லி,
பெயர் தெரியாத ஊதா இலைச் செடி ஒன்று.
செம்பூர், திலக் நகர், மூன்றாம் மாடி,
ஜன்னலுக்கு வெளியே துருத்திய கம்பிக் கூண்டில்
இவ்வளவுதான் என் தோட்டம்.

எவ்வளவு ஊற்றுவது என்று
நர்சரிக்காரனைக் கேட்டேன்.
"தோடா தோடா" என்றான்
சில்லறை எண்ணிக்கொண்டே.
எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றதற்குத்
தோளைக் குலுக்கினான்.

அதனால் அளவைக்
கீழ்வீட்டின் பொறுப்பில் விட்டிருந்தேன்.
இரண்டாம் மாடி பெட்னேகர் ஆன்ட்டி
காயப்போட்ட போர்வையில்
முதல் சொட்டு விழும்.
"அரே, பாணி!" என்று
கம்பிக்கு வெளியே தலை நீட்டி மேலே பார்த்துக் கத்துவார்.
அப்போது நிறுத்துவேன்.
ஒரு செம்பு, சில நாள் ஒன்றரை.
அவர் குளிக்கப் போயிருந்தால் இரண்டு.

நாள் முழுக்க நான் பார்க்கும் வேலையோ
தண்ணீரை வெளியே எடுப்பது.
சயானில் டயாலிசிஸ் சென்டர், ஆறு கட்டில்.
வருகிறவரை முதலில் தராசில் ஏற்றுவேன்.
மிஞ்சிய நீரெல்லாம் இறங்கிய பிறகு
ஓர் உடம்பு இருக்கவேண்டிய கனம் உண்டு,
அதற்கு உலர் எடை என்று பெயர்.
அதற்குமேல் ஏறி வரும் ஒவ்வொரு கிலோவும்
குடித்தது,
குடிக்கவில்லை என்று சொன்னது.

கயூம் பாய், குர்லாவில் பைக் சீட் தைப்பவர்,
அறுபத்தொன்றாகப் போய் அறுபத்தைந்தாக வருவார்.
"ஒரே ஒரு கட்டிங் சாய், அம்மா சத்தியம்" என்பார்.
கணுக்காலில் கட்டைவிரல் வைத்து அழுத்துவேன்.
குழி விழும்.
அது மேடேறி வருவதற்குள்
மீதிச் சாய்களை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்வார்,
நடுவில் ஒரு தர்ப்பூசணியும்.

மே மாதம் கறிவேப்பிலை பழுத்தது.
தாகம் என்று இன்னொரு செம்பு.
இன்னும் பழுத்தது.
இன்னொன்று.
ஓரிரவு ஷிப்ட் முடிந்து வந்து
சட்டைகூட மாற்றாமல்
மண்ணில் கட்டைவிரலை வைத்தேன், பழக்க தோஷம்.
குழி விழுந்தது.
குழிக்குள் நீர் ஊறி நின்றது.
தொட்டியைச் சாய்த்தால் சாக்கடை வாடை.

ஐயோ கயூம் பாய், என்றேன் செடியைப் பார்த்து.

கறுத்த வேரை வெட்டி
மணல் கூட்டி நட்டேன்.
அப்புறம் ஒரு சொட்டு ஊற்றவில்லை.
கை துறுதுறுத்தது. காலையில் எழுந்ததும்
செம்போடு போய் நிற்பேன், திரும்பி வருவேன்.
ஊற்றுவது எவ்வளவு லேசான அன்பு,
சும்மா இருப்பதற்கு அல்லவா பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஒவ்வொரு தொட்டியையும்
தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் செம்பைத் தொடுகிறேன்,
வாயில் பிரஷ்ஷோடு, ஒற்றைக் கையால்.
கனத்தால் வைத்துவிடுவேன்.
கை ஏமாந்து சட்டென்று மேலே போனால் அன்று அதற்குத் தண்ணீர்.
ஓமவல்லி ஒரு வாரம் கேட்காது.
ஊதா இலை நாள் விட்டு நாள்.
கிழமை எழுதி ஒட்டிய தாளைக் கிழித்தாயிற்று.

ஜூன் பிறந்தும் மழை வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது.
பெட்னேகர் ஆன்ட்டி, வாசற்படியில்,
ஒரு மாடி ஏறியதற்கு ஒன்பது மாடி மூச்சு.
"பதினோரு நாளாய் என் போர்வை நனையவில்லை.
உள்ளே விழுந்து கிடக்கிறாயோ என்று..."
முடிக்காமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

உட்காரச் சொன்னேன். சாய் போட்டேன்.
நாற்காலிக்கடியில் செருப்பைக் கழற்றினார்.
புறங்காலில் வார் அழுந்திய கோடு.
பேசிக்கொண்டே இருந்தார்,
தானேயில் மருமகள், லிஃப்ட் வராத கட்டடம், பால் விலை.
சாய் ஆறி ஏடு படர்ந்தது.
கோடு அப்படியே இருந்தது.

"ஆன்ட்டி, ராத்திரி
எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?"

"மூன்று" என்றார்.
"போன மாதம்வரை ஒன்று. ஏன் கேட்கிறாய்?"