பதினாலாயிரத்து இருநூறு

ஹமில்டன், பார்ட்டன் வீதிக்கு வடக்கே
ஒரு செங்கல் வீட்டின் முன்னால்
வேனின் கண்ணாடியைப் பார்த்து
நாலாம் முறையாகச் சொல்கிறேன்:
பதினாலாயிரத்து இருநூறு டொலர்.
கண்ணாடியில் இருப்பவள் நம்பவில்லை.

போன கிழமை, ஸ்டோனி கிறீக்கில்,
விலையைச் சொல்லி மூச்சுவிடும் முன்னே
‘குறைக்கலாம்’ என்றேன்.
ஒருவரும் கேட்கவில்லை.
இரண்டாயிரம் டொலர்
என் வாயாலேயே வழிந்து போனது.

கம்பனியில் பயிற்சி தந்தார்கள்.
தோளை நிமிர்த்து. கண்ணைப் பார்.
கையை இறுக்கிக் குலுக்கு.
என் முழங்கால்கள்
அந்த வகுப்புக்கு வரவில்லை.

கதவைத் திறந்தவள் பெயர் மிரேலா.
ஒரு காலில் மட்டும் சப்பாத்து.
‘கீழே வாருங்கள், மணக்கும்,
மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்றாள்.

நிலவறையில் எனக்கு வேறு நாக்கு.
டோர்ச்சைப் பிடித்துக் குந்தியிருந்து
சுவரோடு கதைக்கத் தொடங்கினால்
ஒரு சொல்லும் தடுக்குவதில்லை.
இந்த வெள்ளைப் பூப்பு உப்பு.
இந்த வெடிப்பு பழசு, அந்த வெடிப்பு புதுசு.
வெளியே நிற்கும் மேப்பிளின் வேர்
களிமண் குழாய்க்குள் குடியிருக்கிறது.
அவள் குனிந்து பார்த்தாள்.
நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

பிறகு மேலே, குசினி மேசை.
கோப்பி. பேனை. படிவம்.
தொண்டைக்குள் பஞ்சு.
ப... என்று தொடங்கி
‘பாத்ரூம் எங்கே’ என்று முடித்தேன்.

குழாயைத் திறந்துவிட்டு
என்னையே கொஞ்சம் திட்டினேன், தமிழில்.
வெளியே வந்து சொன்னேன்:
‘இன்னொருக்கால் கீழே போவோமா?’

அங்கே,
கண்ணைப் பார்க்காமல்
ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.
பதினாலாயிரத்து இருநூறு.

பழைய ஃபிறீசர் ஒன்று உறுமியது.
உறுமி, நின்றது.
அந்த அமைதிக்குள் எறிய
என்னிடம் எத்தனையோ சொற்கள் இருந்தன.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.

‘வீட்டை விற்றால்
வாங்குகிறவருக்கும் இந்த உத்தரவாதம் செல்லுமா?’

‘தெரியாது.
நாளை பத்து மணிக்குள் கேட்டுச் சொல்கிறேன்.’
அன்று முழுக்க
நடுங்காமல் வந்த ஒரே பதில்.

அவள் கையெழுத்துப் போடவில்லை.
அண்ணனிடம் கேட்கவேண்டும் என்றாள்.
வாசலில் பார்த்தேன்:
அவள் விரல்களும்
சங்கிலியை மாட்டத் தடுமாறின.

வேனுக்குள் வந்தபிறகு
ஐந்து நிமிடம் ஆடியது கை.
முழங்காலில் இரண்டு ஈர வட்டங்கள்.
படிவத்தை நிரப்பவேண்டும்,
குளிரில் பேனை எழுதவில்லை.
ஊதி ஊதிச் சூடாக்கி
எழுதினேன்,
எண்ணால் ஒருமுறை,
எழுத்தால் ஒருமுறை.