மூன்று மில்லிமீட்டர்

பைபாஸ் முடிந்து மிஞ்சியது இவ்வளவுதான்:
மார்புத் தமனியில் ஒரு நுனி,
ஐஸ் பெட்டிக்குள், குப்பிக்குள்.
குப்பியின் மேல் பெயர் எழுதக் கூடாது.
பதினேழு.

ஆனால் எனக்குத் தெரியும், ஸெலாமி.
தீவிர சிகிச்சைக் கதவோரம் அவர் மனைவி மூனிஸே
வெள்ளைக் கோட்டு போட்ட யாரைக் கண்டாலும்
அந்தப் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கிறாள்,
ஐஸ் பெட்டியோடு போகிற என்னைக் கண்டும்.

கய்சேரியில் பிப்ரவரி.
ஆய்வகச் ஜன்னலில் எர்ஜியஸ் மலை
பாதிக்கு மேல் காணவில்லை.

வளையமாக நறுக்கி
இரண்டு கம்பிக் கொக்கிகளுக்கு நடுவே மாட்டுகிறேன்.
முப்பத்தேழு டிகிரி உப்புநீர். அடியிலிருந்து குமிழ்கள்.
உடம்பு போய்விட்டதென்று தசைக்கு யாரும் சொல்லவில்லை.
மருந்து பட்டதும் இறுகுகிறது,
பனியில் பேருந்துக்கு நிற்பவனின் தோள் மாதிரி.
திரையில் கோடு ஏறி
அங்கேயே நிற்கிறது.

பிறகு தேனீப் பிசினிலிருந்து பிரித்த பொடி, கரைத்தது.
வாசனைகூட மிச்சமில்லை அதில்.
பாப்லார் மொட்டில் கசிவதைக்
காலில் ஒட்டி இழுத்து வந்து
கூட்டின் விரிசலை அடைக்கும் தேனீ.
உள்ளே புகுந்து செத்த எலியைத்
தூக்கிப் போட முடியாவிட்டால்
அதையும் பூசி மூடிவிடும்.
அடைப்பதற்கென்றே வந்த சரக்கு.

ஒரு சொட்டு. ஒன்றுமில்லை.
இன்னொன்று.
கோடு யோசித்தது.
நான்காவதில் இளகத் தொடங்கியது,
இறங்கி, இறங்கி, தேநீர் ஆறும் நேரத்தில்
பாதிக்குக் கீழே.
உட்சுவரைச் சுரண்டிவிட்ட வளையமும்கூட
கொஞ்சம் முரண்டிவிட்டு
இளகியது.

மாலையில் மேலே போனேன், வேறொரு வேலையாக.
மூனிஸே கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்தாள்.
கரும்பழுப்பு. தம்பியின் தேன்பெட்டியில் சுரண்டியதாம்.
"நர்ஸ் முடியாதென்கிறாள்.
நாலே சொட்டு. நீங்கள் பெரிய படிப்பு படித்தவர்."

நர்ஸ் சொன்னது சரி.
கொக்கியில் தொங்கியது மனிதனல்ல.
அந்த நீரில் இதயம் இல்லை, ஈரல் இல்லை,
பதினொரு மணி நேரமாக
நாற்காலி மாறாமல் உட்கார்ந்திருக்கும் இவள் இல்லை.
இதையெல்லாம் சொல்லவில்லை.
இரண்டு மாடிக்குக் கீழே அவர்
கொஞ்சம் இளகினார் என்பதையும்.

சீசாவை வாங்கி மூடி திறந்து முகர்ந்தேன்.
மரம். மழைக்கு முன்னால் நிற்கிற மரம்.
"நல்ல சரக்கு" என்றேன்.
திருப்பிக் கொடுத்தேன்.

இரவு, வளையத்தை மஞ்சள் பையில் போடும்போதும்
கையுறைக்குள்
இரண்டு விரல்கள்
ஒட்டிக்கொண்டே இருந்தன.