நாலாவது ஓட்டை

போன் இன்னும் பிறக்கவில்லை.
அதற்குச் சட்டை வந்துவிட்டது,
ஷென்செனிலிருந்து அட்டைப் பெட்டியில்
நாற்பது உருப்படி.

பாடாங் செராயில் என் கடை,
செம்பனை லாரி திரும்பும் முக்கில்.
முதுகில் மூன்று ஓட்டை, கேமராவுக்கு.
நாலாவது, உளுந்தளவு,
எதற்கென்று யாருக்கும் தெரியாது.

காய்ச்சல் பார்க்குமாம் என்றார் லாரிக்காரர் தேவசகாயம்.
இருட்டில் பாம்பைக் காட்டுமாம் என்றான்
குலை வெட்டும் முகிலரசன்.
இரண்டுக்கும் தலையாட்டி
பதினைந்து வெள்ளி என்றேன்.

நாத்தனார் தமயந்திக்கு
கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள்.
எட்டு மணி நேரம் பூதக்கண்ணாடிக்குக் கீழே
மிளகைவிடச் சிறிய ஒன்றைத்
திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.
எந்தப் பொருளின் எந்த உறுப்பு அது,
அவளிடம் சொன்னதில்லை.
வெளியே சொல்லமாட்டேன் என்று மட்டும்
கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட,
கடைக்குள் வந்தவள்
உறை ஒன்றை எடுத்து
நாலாவது ஓட்டையில்
கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தாள்.
"என்னடி?"
"பசியாறப் போறேன் அண்ணி."

அந்தப் பதிலை வைத்தே
அன்றைக்குப் பதினொன்று விற்றேன்.

புரட்டாசியில் போன் வந்தது.
மூன்றே ஓட்டை.
தவணையில் வாங்கிய முகிலரசன்
உறையைத் திருப்பித் தரவில்லை.
உளுந்தளவு வழியே
போனின் வெறும் முதுகு தெரிகிறது.
அதைத் தொட்டுக் காட்டிச் சொல்கிறான்,
அடுத்த மாடலில் வருமாம்.

மீதி இருபத்தொன்பதைத்
தூசி தட்டி
முன்னால் மாட்டினேன்.