நாற்பத்தோராவது கூடு

ஜூலை. வெளியே உறைபனியில் புல் நொறுங்குகிறது.
சனிக்கிழமை புளூம்ஃபொன்டைன் மைதானம்,
தொள்ளாயிரம் மீட்டர்.
இன்று வியாழன்.
மேசைமேல் மரக்கட்டையில் அறுபது பித்தளைக் கூடுகள்
வாய் திறந்து நிற்கின்றன.
பசித்த குஞ்சுகள்போல என்று வேறு யாராவது எழுதட்டும்.
நான் கணக்கு டீச்சர். எனக்கு அவை அறுபது.

கழுத்தைத் தீயில் காட்டி இளக்கியாயிற்று.
நீளம் அளந்து அராவியாயிற்று.
அடிக்குழியின் கரியைச் சுரண்டி
புது பிரைமரை அழுத்தியாயிற்று,
கட்டைவிரலில் அதன் வட்டம் இன்னும் பதிந்திருக்கிறது.
எடைபோட்டுப் பார்த்ததில்
ஏழு கூடுகள் காப்பி டப்பாவுக்குப் போயின.
அவை செய்த குற்றம் எள்ளளவு கனம்.

"எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவைதானே" என்பான் வெஸ்ஸல்.
"நீயும் உன் தம்பியும்கூட ஒரே வயிறுதான்" என்பேன்.
அதற்குமேல் நாங்கள் பேசி
மழை பெய்து எத்தனை நாளாயிற்றோ அத்தனை நாள்.

மருந்து போடும் வேளையில்
ஜன்னல் மூடியிருக்க வேண்டும், ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும்.
தராசுக்கு என் மூச்சும் புயல்தான்.
குழாயை விரலால் மெல்லச் சுழற்ற
கருப்புத் துணுக்குகள் ஒவ்வொன்றாய்த் தட்டில் விழும்,
கடைசித் துணுக்கில் எண் நிற்கும்.
நாற்பது முடிந்தது.
நாற்பத்தொன்றுக்குத் தட்டை எடுத்தேன்.

மின்சாரம் போயிற்று.

எட்டு மணிக்கு என்றது அட்டவணை. அப்போது ஏழு பத்து.
இருட்டில் என் முழங்கால் மேசையை இடித்தது.
ஏதோ சிதறும் ஓசை,
தகரக் கூரையில் தூறல் தொடங்குவதுபோல;
தொடங்கியதும் நின்றுவிட்டது.
தட்டிலிருந்தா? கூடுகளிலிருந்தா? எந்தக் கூடு?

கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் நடந்து வந்தது.
மண்ணெண்ணெய் விளக்கு.
"வராதே!"
இருபது வருட மணவாழ்வில் அப்படிக் கத்தியதில்லை.
"மருந்து திறந்திருக்கிறது. தீயை வெளியே கொண்டு போ."
வெளிச்சம் திரும்பிப் போயிற்று.
காலடி மட்டும் மறுபடி வந்தது.
கதவுக்கு அந்தப் பக்கம்
சுவரில் முதுகு சரிந்து உட்காரும் சத்தம்.

வெகுநேரம் நாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
பிறகு அவன்: "ஆடுகளை விற்றுவிட்டேன், ஹெஸ்ட்ரி.
நூற்றுப் பத்துப் பெட்டை. செவ்வாய்க்கிழமையே.
லாரி வந்தபோது நீ பள்ளியில் இருந்தாய்."

கையில் தட்டு. கீழே வைக்கப் பயம்.
"மீதி?" என்றேன்.
"முப்பத்தெட்டு."
தீவன பாக்கி, வங்கித் தவணை, என் சம்பளம்.
இருட்டில் கூட்டினேன், கழித்தேன்.
விடை சரியாகத்தான் வந்தது.
"கேட்டிருந்தால் நானும் விற்கத்தான் சொல்லியிருப்பேன்."
"தெரியும்," என்றான். "அதனால்தான் கேட்கவில்லை."

ஒன்பதுக்கு விளக்கு வந்தது.
அவன் கதவோரம் பூட்ஸோடு தூங்கிப்போயிருந்தான்.
நாற்பது கூடுகளையும் கவிழ்த்து மறுபடி நிறுத்தேன்.
முப்பத்தொன்பது சரி.
இருபத்துமூன்றாவதில் மூன்று துணுக்குக் குறைவு.
மேசையெல்லாம் தேடினேன். இரண்டு கிடைத்தன.

வெள்ளி இரவு குண்டுகளைப் பதித்தேன்.
கைப்பிடியை இறக்கும்போது
கழுத்து குண்டைப் பற்றிக்கொள்ளும் அந்தச் சின்ன எதிர்ப்பு
அறுபதிலும் ஒன்றாக இருந்ததா என்று கையைத்தான் கேட்டேன்.
வெஸ்ஸல் ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தான்.
ஒருமுறை எண்ணத் தவறினான். நான் திருத்தவில்லை.

சனிக்கிழமை மூன்று கொடிகள் மூன்று திசையில் ஆடின.
பத்துக் குண்டில் ஒன்பது
ஒரு தேநீர்த் தட்டுக்குள் அடங்கின.
ஒன்று மட்டும் இடப்பக்கம், வெகுதூரம்,
வேலி தாண்டி மேயப் போனதுபோல.
குறிப்பேட்டில் காரணம் எழுத வேண்டும்.
காற்று என்று எழுதினேன்.
காற்றுக்கு அதில் ஒரு கட்டம் இருக்கிறது.