ஜாமீன்

நியமன ஆணையில் என் பெயருக்கு முன்னால்
முனைவர் என்று இருக்கிறது.
கீழே, அடிக்கோட்டுடன்:
முற்றிலும் தற்காலிகமானது.

ஜூன் மூன்றாம் வாரம் பிறந்து
ஏப்ரல் முப்பதில் தீர்ந்துபோகும் வருடம் அது.
மே மாதம் நான் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
பால்காரருக்கு மட்டும்
மே மாதத்துக்கு முப்பத்தொரு நாள்.

கன்னங்குறிச்சியிலிருந்து கருப்பூருக்கு இரண்டு பேருந்து.
பத்து நிமிடம் பிந்தினால்
அந்த மணி நேரத்துக்குக் காசில்லை.
அதனால் வண்டி.
அதனால் கடன்.

ஐந்து ரோட்டுக் கிளையில்
பணிவாகத்தான் கேட்டான் பையன்:
"பர்மனென்டா மேடம்?"
எட்டு வருஷம் என்றேன்.
அவன் கேட்டது அது இல்லை.
"நிரந்தர ஊழியர் யாராவது
ஜாமீன் போட்டா பார்க்கலாம்."

துறையில் பதினொரு பேர்.
நிரந்தரம் மூன்று.
தலைவரிடம் கேட்க முடியாது,
ஜூனில் என் பெயரை எழுதும் பேனா அவருடையது.
இன்னொருவர் நீண்ட விடுப்பில்.
மிச்சம் பதிவறை அர்த்தநாரி.

"எத்தன எடத்துல?" என்று மட்டும் கேட்டார்.
தட்டுவடைப் பொட்டலத்தை ஓரம் தள்ளி
தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்து
நாலு இடத்தில் முழுப்பெயர்.
சம்பளச் சீட்டின் நகலை
மடிக்காமல் கொண்டுவந்து தந்தார்.
என்னுடையதைப் போல் இரண்டேகால் மடங்கு.
எனக்கு முதலில் வந்தது
நன்றி இல்லை.

மாம்பழம் மலிந்த மே.
தவணை திரும்பிவிட்டது.
மலையில் மழை இறங்கிய சாயங்காலம் போன்:
"மேடம், பேங்க்ல இருந்து கூப்டாங்க.
நீங்க ஊர்லதான இருக்கீங்க?
இல்ல, ஒடம்புக்கு ஏதாச்சும்னு..."

அன்றைக்கே அவர் கட்டிவிட்டது
ஜூலையில், ஜூன் சம்பளம் வந்த பிறகு
திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது.
வட்டியையும் சேர்த்து நீட்டினேன்.
எண்ணிப் பார்த்து அதை மட்டும்
மேசையில் என் பக்கம் நகர்த்தினார்.

இன்று காலை முதலாமாண்டுக்கு நிகழ்தகவு.
சாரா நிகழ்ச்சிகள்:
ஒன்று நடப்பது மற்றொன்றைப் பாதிக்காது.
நாணயம், பகடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மதியம் வண்டியை நிழலுக்குத் தள்ளிவைத்தபடி
அர்த்தநாரி சொன்னார்:
"மார்ச்சோட எனக்கு முடியுது மேடம்.
என் எடத்துக்கு ஆள் போட மாட்டாங்களாம்.
ஏஜென்சியாம்."

அடுத்த முறை யார் என்று
அவரும் கேட்கவில்லை.

இன்னும் இருபத்திரண்டு தவணை.
அதில் மே இரண்டு.